பை நிறைஞ்சு போச்சா? கைத்தொலைபேசி விளையாட்டில் பொருள்களை ஒழுங்குபடுத்தும் முறை



விளக்கக் கட்டுரை என்றதும் 'நூல் வாசிப்பின் நன்மைகள்', 'சுற்றுச்சூழல் தூய்மை' என்று மனப்பாடம் செய்ததையே பலர் எழுதிவிடுகிறார்கள். ஒருநாள் தலைப்பு எதுவும் கொடுக்காமல், "உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணை எனக்குப் புரியிற மாதிரி எழுதிக் காட்டு" என்று சொல்லிப் பார்த்தேன். படிவம் நான்கு மாணவன் ஒருவன் எழுதிய முதல் வரி: "சார், என் பை நிறைஞ்சு போச்சு."

பள்ளிப் பையைச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் சொன்னது கைத்தொலைபேசி விளையாட்டில் இருக்கும் பை. இரண்டு வாரமாகச் சேர்த்த பொருள்களை ஒரே இரவில் இழந்துவிட்ட கதையை அவன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அவனிடம் கேட்டதையும், பிறகு நானே விளையாடிக் கற்றுக்கொண்டதையும் வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

1. எந்த விளையாட்டு? எந்தப் பை?

அவன் விளையாடியது 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்'. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருக்கும் ஜாஜெக்ஸ் நிறுவனத்தின் விளையாட்டு இது. ரூன்ஸ்கேப் 2001-இல் தொடங்கியது. அதன் பழைய வடிவத்தை 2013-இல் 'ஓல்ட் ஸ்கூல்' என்ற பெயரில் மீண்டும் வெளியிட்டார்கள். 2018 அக்டோபர் 30-ஆம் நாள் அது கைத்தொலைபேசிக்கும் வந்தது. கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஒரே கணக்கில் விளையாடலாம்.

இது பாத்திரமேற்பு விளையாட்டு. அதாவது, நாம் ஒரு பாத்திரமாகி அந்த உலகில் மரம் வெட்டுகிறோம், மீன் பிடிக்கிறோம், உலோகம் உருக்குகிறோம், சண்டை போடுகிறோம். எதை எடுத்தாலும் அது நம் பைக்குள் போகும். அந்தப் பையில் 28 கட்டங்கள்தான். நான்கு கட்டம் அகலம், ஏழு கட்டம் உயரம். புதிதாகச் சேர்ந்தவருக்கும் 28, பத்து ஆண்டு ஆடியவருக்கும் 28. காசு கொடுத்துக்கூட 29-ஆவது கட்டத்தை வாங்க முடியாது.

சில விளையாட்டுகளில் பை நிறைந்தால், "கூடுதல் இடம் வேண்டுமா? பணம் கட்டு" என்று கேட்கும். இங்கே அந்த வழி இல்லை என்பதால் நாமேதான் யோசித்தாக வேண்டும். இந்த விளையாட்டை நான் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டதும் அதனால்தான்.

2. முதலில் கேட்க வேண்டிய கேள்வி

அவன் பையில் அன்று என்னென்ன இருந்தன என்று கேட்டேன். வாள் இரண்டு, கோடரி, தூண்டில், விதைகள், பாதி குடித்த மருந்துப் போத்தல்கள், எப்போதோ எடுத்த எலும்புகள். "எதுக்குடா இவ்வளவு?" என்றேன். "எல்லாமே தேவைப்படும் சார்" என்றான்.

சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. "இது பயன்படுமா?" என்று கேட்டால் எல்லாப் பொருளுக்கும் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "இந்தப் பயணத்தில் இதைப் பயன்படுத்துவேனா?" என்று கேளுங்கள். பாதிப் பொருள்களுக்கு "இல்லை" என்று வந்துவிடும். மீன் பிடிக்கப் போகிறவருக்குத் தூண்டில் வேண்டும், கோடரி வேண்டாம். சண்டைக்குப் போகிறவருக்கு உணவும் மருந்தும் வேண்டும், விதைகள் வேண்டாம்.

ஆகவே, பையைத் திறப்பதற்கு முன்பே எங்கே போகிறோம், என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். அந்த வரிக்குள் வராத பொருள் வங்கியில் இருக்கட்டும்.

3. ஒரு கட்டத்தில் பல பொருள்கள்

எல்லாப் பொருளும் ஒரே மாதிரி இடம் பிடிப்பதில்லை. நாணயங்கள், அம்புகள், ரூன் கற்கள் போன்றவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுங்கும். ஆயிரம் அம்பு இருந்தாலும் ஒரு கட்டம்தான். மரக்கட்டை, தாது, மீன் ஆகியவை அப்படி அடுங்காது. ஒரு மீனுக்கு ஒரு கட்டம்.

இடத்தை மிச்சப்படுத்த மூன்று எளிய வழிகள் உள்ளன.

முதலாவது, அணிந்துகொள்ளுங்கள். உடலில் அணிய 11 இடங்கள் தனியாக உண்டு. கோடரியைக் கையில் பிடித்துக்கொண்டால் பையில் 28 மரக்கட்டைகள் கொள்ளும். அதையே பைக்குள் வைத்தால் 27 தான்.

இரண்டாவது, மருந்தை ஒன்றுசேருங்கள். ஒரு போத்தலில் நான்கு மிடறு மருந்து இருக்கும். ஒரு மிடறு மட்டும் மிஞ்சிய போத்தலும் ஒரு முழுக் கட்டத்தைப் பிடிக்கும். அதே மருந்தில் ஒவ்வொரு மிடறு மிஞ்சிய நான்கு போத்தல்களை ஒன்றில் ஊற்றிவிட்டால் மருந்துக்கு ஒரு கட்டம் போதும்.

மூன்றாவது, நோட்டாக மாற்றுங்கள். வங்கியிலிருந்து எடுக்கும்போது பல பொருள்களை நோட்டு வடிவில் எடுக்கலாம். ஆயிரம் மரக்கட்டைகள் ஒரே நோட்டுக் கட்டாக ஒரு கட்டத்தில் அடங்கும். ஆனால் அந்த நோட்டை எரிக்க முடியாது, மீன் நோட்டைச் சாப்பிட முடியாது. விற்க எடுத்துப் போகும்போது நோட்டாக எடுங்கள். பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் பொருளாகவே எடுங்கள்.

4. கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஓர் எஃகுக் கட்டி செய்ய ஓர் இரும்புத் தாதும் இரண்டு நிலக்கரியும் வேண்டும். 28 கட்டங்களில் எத்தனை எஃகுக் கட்டிக்கான பொருள்களைக் கொண்டு போகலாம்?

ஒரு கட்டிக்கு மூன்று கட்டம். 28-ஐ மூன்றால் வகுத்தால் ஒன்பது, மீதி ஒன்று. ஆக, 9 தாது, 18 நிலக்கரி. ஒரு பயணத்தில் 9 கட்டிகள். பலர் இதைக் கணக்கிடாமல் பாதிக்குப் பாதியாக 14 தாது, 14 நிலக்கரி என்று அள்ளிக்கொண்டு போவார்கள். அவர்களுக்குக் கிடைப்பது 7 கட்டிகள். ஏழு தாது சும்மா போய்ச் சும்மா திரும்பி வரும்.

இன்னொரு படி மேலே போகலாம். சந்தா கட்டி ஆடுகிறவர்கள் நிலக்கரிப் பை ஒன்றைப் பெற முடியும். அது ஒரு கட்டத்தைப் பிடிக்கும், ஆனால் அதற்குள் 27 நிலக்கரி கொள்ளும். மீதி 27 கட்டங்களில் 18 தாதும் 9 நிலக்கரியும் வையுங்கள். நிலக்கரி மொத்தம் 36, தாது 18. உருக்க உருக்க இடம் காலியாகும். அந்த இடத்தில் பையிலிருக்கும் நிலக்கரியைக் கொட்டிக்கொள்ளலாம். ஒரே பயணத்தில் 18 கட்டிகள். ஒரு கட்டத்தை விட்டுக்கொடுத்ததால் விளைச்சல் இரண்டு மடங்கு!

5. வங்கியை அலமாரி போல அடுக்குங்கள்

வங்கி பெரியது என்பதால் குப்பையும் அங்கேதான் சேரும். முதன்மைப் பகுதியோடு ஒன்பது தனிப் பிரிவுகளை அதில் உருவாக்கலாம். பொருளின் வகையைப் பார்த்துப் பிரிப்பதைவிட வேலையைப் பார்த்துப் பிரிப்பது எளிது: சண்டைக்கு ஒன்று, மீன்பிடிக்கு ஒன்று, உலோக வேலைக்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று. அப்போது ஒரு பிரிவைத் திறந்தாலே அந்தப் பயணத்துக்கு வேண்டியதெல்லாம் கண்முன் இருக்கும்.

இடம்பிடிக்கும் வசதியும் உண்டு. ஒரு பொருளை முழுவதுமாக வெளியே எடுத்தாலும் அதன் மங்கலான படம் அதே இடத்தில் நிற்கும். திரும்பி வைக்கும்போது பொருள் அங்கேயே போய் உட்காரும். ஆனால் அந்தப் படமும் வங்கியில் ஓர் இடத்தைப் பிடிக்கும். இனி வேண்டாத பொருள்களின் படத்தை அவ்வப்போது நீக்கிவிடுங்கள்.

6. விரலுக்கு ஏற்ற வரிசை

கைத்தொலைபேசித் திரை சிறியது, விரல் பெரியது. அவசரத்தில் தவறான கட்டத்தைத் தொட்டுவிடுவோம். அதனால் உணவை எல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்குங்கள். மருந்தை மேல் வரிசையில் வையுங்கள். தப்பிக்க உதவும் பொருளுக்கு எப்போதும் ஒரே கட்டத்தைக் கொடுங்கள். பழகிவிட்டால் கண் தேடாது, விரல் தானாகப் போகும்.

ஒரு தொடுதலில் பொருளைக் கீழே போடும் வசதியைப் பயன்படுத்தினால், வேலை முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். விலையுயர்ந்த பொருளைக் கீழே போடும் முன் எச்சரிக்கும் அமைப்பையும் இயக்கி வையுங்கள்.

7. இழப்பு எப்படி வருகிறது?

இப்போது அந்த மாணவனின் கதைக்கு வருவோம். பொதுவாக நம் பாத்திரம் இறந்தால், விலை அதிகமான மூன்று பொருள்கள் நம்மிடமே நிற்கும். மற்றவை ஒரு கல்லறையில் 15 நிமிடம் காத்திருக்கும். அதற்குள் போகாவிட்டால், விலையுயர்ந்தவற்றைக் கட்டணம் கட்டித்தான் மீட்க வேண்டும். ஆனால் 'வைல்டர்னஸ்' என்ற பகுதியில் இன்னொரு விளையாட்டாளர் நம்மைக் கொன்றால் கல்லறை கிடையாது. மிச்சமெல்லாம் அவருக்குத்தான். நாமே முதலில் இன்னொருவரைத் தாக்கித் தலைமேல் மண்டையோட்டுக் குறி வாங்கியிருந்தால், அந்த மூன்றும்கூட மிஞ்சாது.

அவன் அங்கே ஒரு சின்ன வேலைக்காகத்தான் போனான். போகும் முன் பையைக் காலி செய்யச் சோம்பல். "ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு நினைச்சேன் சார்" என்றான். மூன்று பொருள்களோடு திரும்பினான். ஆக, போகும் வேலையைப் போலவே போகும் இடத்தையும் பாருங்கள். இழந்தால் தாங்க முடியாத பொருளை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். "உன் வங்கியை நான் அடுக்கித் தர்றேன், கடவுச்சொல்லைக் கொடு" என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. வங்கியை நாம்தான் அடுக்க வேண்டும்.

8. வகுப்பறைக்கு

அந்த மாணவனின் கட்டுரையில் எழுத்துப்பிழைகள் இருந்தன. ஆனாலும் முதலில் சிக்கல், பிறகு காரணம், பிறகு தீர்வு என்று வரிசை சரியாக இருந்தது. தனக்குத் தெரிந்ததை எழுதியதால் வந்த வரிசை அது. விளக்கக் கட்டுரைக்கு முன் அவனிடம் இப்போது நான் சொல்வது ஒன்றுதான்: "எல்லாக் கருத்தையும் அள்ளிப் போடாதே. இந்தத் தலைப்புக்கு எது வேணும்னு பாரு." உடனே புரிந்துகொள்கிறான்.

மாணவர்களுக்குச் சில பயிற்சிகள்:

அ. ஓர் எஃகுக் கட்டிக்கு மூன்று நிலக்கரி தேவை என்று வைத்துக்கொள்வோம். 28 கட்டங்களை எப்படிப் பங்கிடுவீர்கள்? உங்கள் விடையை இரண்டு வாக்கியங்களில் விளக்குக.

ஆ. 'இது பயன்படுமா?', 'இந்தப் பயணத்தில் இதைப் பயன்படுத்துவேனா?' ஆகிய கேள்விகளுக்கு இடையிலான வேறுபாட்டை 50 சொற்களில் எழுதுக.

இ. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை, அதைப் பற்றி எதுவுமே தெரியாத உங்கள் பாட்டிக்கு விளங்கும்படி 150 சொற்களில் எழுதுக.

மூன்றாவது பயிற்சியைத் திருத்தும்போது ஆசிரியர்கள் நேரம் ஒதுக்கிப் படியுங்கள். நமக்குத் தெரியாத பல விஷயங்களை நம் மாணவர்கள் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.