உடம்பு புல்லரிப்பது ஏன்?

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி.

அந்த நாளைப் பேராவூரணி மக்கள் மறக்க மாட்டார்கள். அன்று பொழுது விடியும் முன்பே "கஜா" புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோ மீட்டருக்கும் அதிகம். பேராவூரணி வட்டாரத்தில் பிள்ளையைப் போல வளர்த்த தென்னை மரங்கள் சாய்ந்தன. கூரைகள் பறந்தன.

மழையில் நனைந்தவர்களுக்கு அன்று உடம்பு புல்லரித்தது. அந்த இரவைப் பற்றி இன்று பேசினாலும் புல்லரிக்கிறது!

அன்று குளிர் இருந்தது. இன்று வெறும் நினைவுதானே? பிறகு ஏன் புல்லரிக்கிறது?

குட்டித் தசை

நம் உடம்பில் உள்ள ரோமத்தின் அடியில் மிகச் சிறிய தசை ஒன்று இருக்கிறது. அது சுருங்கினால், படுத்திருக்கும் ரோமம் எழுந்து நிற்கும். அந்த இடத்தில் தோல் சிறு புள்ளியாக மேடிடும். இறகு பறித்த கோழியின் தோலைப் போல இருக்கும்.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ரோமம் இல்லை. ஆகவே அங்கே புல்லரிப்பதும் இல்லை.

கையை மடக்குவது போல இந்தத் தசையை இஷ்டப்படி மடக்க முடியாது. பயத்தில் நெஞ்சு படபடக்கச் செய்யும் நரம்புகளே இதையும் இயக்குகின்றன. குளிர் வந்தாலும், பயம் வந்தாலும், மனம் பொங்கினாலும் அந்த நரம்புகள் விழித்துக் கொள்கின்றன. நல்ல நாகசுரம் கேட்டுச் சிலர் மெய் சிலிர்ப்பதும் இதனால்தான்.

பூனையைப் பாருங்கள்!

நாயைக் கண்ட பூனை ரோமத்தைச் சிலிர்த்துக் கொண்டு பெரிதாகத் தோன்றும். எதிரி தயங்குவான். குளிர் காலத்தில் சிலிர்த்த ரோமத்துக்குள் காற்று தங்கிக் கம்பளி போலக் காக்கும். விலங்குகளின் இந்தச் சிலிர்ப்பைப் பற்றி அறிஞர் டார்வின் 1872-ம் ஆண்டிலேயே எழுதினார்.

மனிதனுக்கு அடர்ந்த ரோமம் போய்விட்டது. தசை மட்டும் மிஞ்சியது. கதவு போன வீட்டில் தாழ்ப்பாள் மட்டும் இருப்பது போல!

ஆனால் அந்தத் தசை அடியோடு வீண் அல்ல. ரோமத்தை வளரச் செய்யும் உயிரணுக்களோடு நரம்பை இணைத்து வைப்பது இந்தத் தசைதான் என்று 2020-ம் ஆண்டில் அமெரிக்க, தைவான் விஞ்ஞானிகள் எலிகளிடம் கண்டறிந்தார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

புல்லரிப்பு நம்மைக் குளிரிலிருந்து காக்காது. வயலில் நனைந்து வந்தால் ஈரத் துணியை உடனே மாற்ற வேண்டும். தலையைத் துவட்டிப் போர்த்திக் கொள்ள வேண்டும். காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்து புல்லரித்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

புயலுக்குப் பிறகு நட்ட தென்னம்பிள்ளைகள் இப்போது வளர்ந்து நிற்கின்றன. ஆனாலும் நவம்பர் மாத இரவில் காற்று சற்றுப் பலமாக வீசினால் போதும், கையில் ரோமம் எழுந்து நிற்கிறது.

"பயம் ஒன்றும் இல்லை" என்று வாய் சொல்லும். தோல் உண்மையைச் சொல்லிவிடும்!