இல்லாத மிருகத்தின் கொம்பு

இன்றைய உரையை ஒரு கதிரையிலிருந்து தொடங்குகிறேன்.

கோப்பன்ஹேகன் நகரின் நடுவே ரோசன்போர்க் என்றொரு கோட்டை இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். மேல்மாடி மண்டபத்தின் கோடியில் டேனிய அரசர்களின் சிம்மாசனம். முன்னால் மூன்று வெள்ளிச் சிங்கங்கள் காவல். 1671 முதல் 1840 வரை அரசர்களின் அபிஷேகத்துக்குப் பயன்பட்டது. அதன் தூண்கள் தந்த நிறத்தில் முறுக்கு முறுக்காக இருக்கும். ஒற்றைக்கொம்பன் குதிரையின் கொம்புகள் என்று அந்தக் காலத்தில் சொல்லி வைத்தார்கள். போன கோடையில் கனடாவிலிருந்து வந்த என் மருமகளுக்கு ஒன்பது வயது. அவள் கேட்டாள்: “மாமா, யூனிகோர்ன் எண்டு ஒண்டு இல்லையே. பிறகு கொம்பு எங்கையிருந்து வந்தது?”

நல்ல கேள்வி. அதற்கான மறுமொழிதான் இன்றைய பேச்சு.

கதையின் வேர் இந்தியாவில். கி.மு. 400 அளவில் பாரசீக அரசவையில் வைத்தியராக இருந்த டெசியாஸ் என்ற கிரேக்கர் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இந்தியாவை மிதித்ததே இல்லை, கேட்டதை எழுதினார். அங்கே ஒற்றைக் கொம்புள்ள காட்டுக்கழுதை உண்டு, அந்தக் கொம்பில் செய்த கிண்ணத்தில் குடித்தால் நஞ்சு ஏறாது, வலிப்பு வராது என்றார். அவர் காதில் விழுந்தது பெரும்பாலும் காண்டாமிருகத்தின் செய்தியாக இருக்க வேண்டும். பின்னால் கிறிஸ்தவ உலகம் இதனுடன் வேட்டை முறையொன்றையும் சேர்த்தது. எந்த வேடனுக்கும் பிடிபடாத அந்த மிருகம், கன்னிப் பெண்ணொருத்தி காட்டில் உட்கார்ந்திருந்தால் தானே வந்து அவள் மடியில் தலை வைக்கும். அப்போது வேடர் பாய்வார்கள். கம்பராமாயணம் படித்தவர்களுக்கு உடனே ஒருவர் நினைவுக்கு வருவார்: கலைக்கோட்டு முனிவர். கலை என்றால் ஆண்மான், கோடு என்றால் கொம்பு. மழையில்லாத நாட்டுக்கு அவரைக் கொண்டுவரப் பெண்களைத்தான் காட்டுக்கு அனுப்பினார்கள். பௌத்தக் கதைகளில் இவருக்கு ஒற்றைக் கொம்பு. இரண்டுக்கும் உறவு உண்டு என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் மனம் சாய்கிறது.

கதை இருக்கட்டும். சந்தைக்குச் சரக்கு வேண்டுமே? அது ஆர்க்டிக் கடலிலிருந்து வந்தது. நார்வால் என்பது ஒரு சிறு திமிங்கிலம். ஆண் நார்வாலின் மேல்தாடை இடப்பக்கப் பல், உதட்டைத் துளைத்துக்கொண்டு நேராக முன்னால் வளரும். கிட்டத்தட்ட மூன்று மீற்றர் வரை போகும். ஆக, அரசர் அமர்ந்தது பல்லால் செய்த கதிரையில். கிரீன்லாந்து இனுயிட் மக்கள் தோல் படகில் சத்தமில்லாமல் நெருங்கி, கயிறு கட்டிய எறியீட்டியால் இதை வேட்டையாடுவார்கள். அவர்களுக்கு முதன்மையானது தோலும் அதனடிக் கொழுப்பும்தான். பச்சையாகத் தின்பார்கள். காய்கறி இல்லாத அந்தப் பனியில் விற்றமின் சி அதிலிருந்துதான். பல்லை, மரம் கிடைக்காத நாட்டில், ஈட்டித் தண்டாகவும் கூடாரக் கம்பாகவும் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கூடாரக் கம்பு நோர்வே வழியாக ஐரோப்பா போய்ச் சேரும்போது தங்கத்தைவிட விலை கூடியிருக்கும். வணிகத்துக்கு ஒரேயொரு நிபந்தனை: பல்லை மண்டையோட்டோடு சேர்த்து யாருக்கும் காட்டக் கூடாது.

வாங்கியவர்கள் முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டில் நஞ்சு வைப்பார்கள் என்று அரசர்கள் உண்மையாகவே அஞ்சிய காலம் அது. அரசரின் கிண்ணத்தில் கொம்பைத் தோய்த்தெடுப்பது அரண்மனைச் சடங்கு. பிரெஞ்சு அறுவை வைத்தியர் அம்புருவாஸ் பாரே 1582இல் இதை மறுத்து நூலே எழுதினார். அரசரின் தலைமை வைத்தியரே இந்த வழக்கத்தை நிறுத்த விரும்பினாராம், ஆனால் நம்பிக்கை வேரோடிப்போயிற்று என்று சொன்னாராம். எனக்கு அதன் காரணம் விளங்குகிறது. நிறுத்திய அடுத்த நாள் அரசர் செத்தால் யார் தலை போகும்?

சோதனைகளும் நடந்தன. 1577இல் மார்ட்டின் ஃபுரோபிஷரின் மாலுமிகள் வடகடலில் செத்துக் கிடந்த ஒரு நார்வாலைக் கண்டு, அதன் கொம்புக்குள் சிலந்திகளை விட்டார்களாம். சிலந்திகள் செத்தனவாம். எழுதி வைத்தவர் தான் நேரில் பார்க்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட்டார். 1661இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கொம்புத் தூளால் வட்டமிட்டு நடுவில் சிலந்தியை விட்டார்கள். அது பலமுறை வட்டத்தைத் தாண்டி ஓடியது.

நடுவில் 1638இல், டேனிய வைத்தியர் ஓலே வோர்ம் மண்டையோட்டைக் காட்டி, இது நார்வாலின் பல் என்று நிறுவிவிட்டார். அதே மனிதர் பிராணிகளுக்கு நஞ்சூட்டி இந்தத் தூளைக் கொடுத்துப் பார்த்து, அவை பிழைத்தன என்றும் எழுதினார்! மிருகம் பொய், மருந்து மெய் என்பது அவர் கட்சி. அவருடைய நாட்டிலேயே, 1660களில்தான் அந்தச் சிம்மாசனத்தைச் செய்யத் தொடங்கினார்கள். பிறகு திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பல்லை அள்ளிக்கொண்டு வர, விலை விழுந்தது. சந்தையைக் கவிழ்த்தது வோர்மின் ஆராய்ச்சியைவிட இந்த வரத்துத்தான் என்பது என் எண்ணம். காண்டாமிருகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின்தான் அதன் கொம்பிலும், ஆனாலும் இன்றும் அதற்காகச் சுட்டுக் கொல்கிறார்கள்.

மருமகளுக்கு இவ்வளவும் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, நரிக்கொம்பு.

நரிக்குக் கொம்பு கிடையாது. ஆனால் கூட்டத்துத் தலைமை நரிக்கு உச்சந்தலை மயிருக்குள் அரை அங்குலக் கொம்பு இருக்கும், அதை வைத்திருப்பவன் வழக்கில் வெல்வான் என்று இலங்கையில் தமிழரும் நம்பினார்கள், சிங்களவரும் நம்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமர்சன் டெனன்ட் எழுதிய இலங்கை உயிரின நூலிலேயே இது வருகிறது. வழக்கு என்றதும் யாழ்ப்பாணத்தார் சிரிப்பீர்கள். என் அப்புவுக்கும் ஒரு வேலி வழக்கு இருந்தது. அரை முழ நிலத்துக்குப் பதினொரு வருடம். அப்புக்காத்துக்குக் கொடுத்தது போக மிச்சக் காசில், வன்னியிலிருந்து வந்த ஒருவரிடம் நரிக்கொம்பு வாங்கினார். தோற்றார். எதிர்த்தரப்பும் அதே ஆளிடம் ஒன்று வாங்கியிருந்தது பின்னால்தான் தெரிந்தது.

அப்பு போன பிறகு என் தமையன் அதைப் பிரித்துப் பார்த்தார். ஏதோ எலும்புத் துண்டில் மயிரோடு தோலைச் சுற்றி ஒட்டியிருந்தது. அதற்காக ஒரு நரி செத்ததா, நாயா, தெரியாது. அம்மா திட்டி, திரும்பவும் ஒட்டிக் குங்குமச் சிமிழில் வைத்தார்.

இரண்டு வருடத்துக்கு முன், போருக்குப் பின் எல்லை குழம்பிக் கிடந்த எங்கள் காணிக்காக நான் ஊர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தது. புறப்படும்போது அம்மா சிமிழைத் திறந்து நீட்டினார். நார்வால், ஓலே வோர்ம், சிலந்தி எல்லாம் அப்போதும் எனக்குத் தெரியும். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன்.