மைக்கோட்டின் யாத்திரை – 7: கண்ணாடிச் சில்லில் எழுதிய தேதி

'செவன்' படத்தின் டைட்டிலுக்காகக் கைல் கூப்பர் எழுத்துக்களைக் கையாலேயே கீறி எழுதிய வரலாற்றைச் சென்ற வாரம் முடித்தோம். தொடர்ந்து படித்துவரும் நேயர்களுக்கு அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஈரக் காகிதத்தில் மை பரவும் அழகைத் திரைக்குக் கொண்டுவரும் வித்தையை இந்த வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால், அதற்கான விஷயங்களைத் தேடிப் புரட்டுகையில் எதிர்ப்பட்ட ஒரு செய்தி மனத்தை முழுவதும் பிடித்துக்கொண்டுவிட்டபடியால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செஸ்டர் கார்ல்ஸன் என்பவர் நியூயார்க்கில் ஒரு கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் உத்தியோகம் பார்த்தவர். விண்ணப்பங்களுக்கும் வரைபடங்களுக்கும் பிரதி போதாமல் தினந்தோறும் அவஸ்தைப்பட்ட அவருக்குக் கிட்டப்பார்வை ஒருபுறம், மூட்டுவாதம் ஒருபுறம். பிரதி எடுக்கச் சுலபமான மார்க்கம் ஒன்றைக் கண்டுபிடித்தே தீருவது என்று சமையலறையிலேயே பரிசோதனைகளைத் தொடங்கி, பிற்பாடு அஸ்டோரியா பகுதியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, ஆஸ்திரியாவிலிருந்து புலம்பெயர்ந்து வந்திருந்த ஓட்டோ கோர்னை என்ற பௌதிக நிபுணரைத் துணைக்கு அமர்த்திக்கொண்டார். 1938 அக்டோபர் 22ஆம் தேதி அந்த அறையில் நடந்தது இது. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்து மின்னேற்றம் உண்டாக்கினார்கள். கண்ணாடிச் சில்லொன்றில் கோர்னை அன்றைய தேதியையும் ஊர்ப்பெயரையும் '10-22-38 அஸ்டோரியா' என்று எழுத, அதைத் தகட்டின்மேல் வைத்துச் சில விநாடிகள் பிரகாசமான விளக்கொளியைக் காட்டினார்கள். பிறகு சில்லை அகற்றிவிட்டு, லைகோபோடியம் என்னும் செடியின் மெல்லிய பொடியைத் தூவி, மிச்சத்தை வாயால் ஊதித் தள்ளினார்கள். ஒளி படாத இடத்தில் மட்டும் பொடி ஒட்டிக்கொண்டு நிற்க, அதே எழுத்துக்கள் தகட்டின்மேல் தெரிந்தன. மெழுகுத் தாளில் அதை ஒற்றியெடுத்துச் சூடு காட்டியதும் பிரதி நிலைத்துவிட்டது.

அந்தச் சில்லில் கோர்னை எழுதியது எதனால் என்று நினைக்கிறீர்கள்? இந்தியன் இங்கினால்! ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கும் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கும் இன்று இன்றியமையாததாகிவிட்ட ஜெராக்ஸ் முறை, உலகத்தில் முதன்முதலாகப் பிரதி எடுத்தது அச்செழுத்தை அல்ல, தட்டெழுத்தை அல்ல. மனிதன் ஒருவன் கையால் இழுத்த மைக்கோட்டை. இதைப் படித்த கணத்திலிருந்து இந்தத் தொடரின் விஷயமே எனக்கு வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கார்ல்ஸனைத் திருப்பி அனுப்பின என்பதையும், '914' என்ற யந்திரம் வெளிவர 1959 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதையும் இங்கே குறிப்பிட்டால் போதும்.

அதே 1959இல் டிஸ்னி ஸ்டூடியோவின் 'ஸ்லீப்பிங் பியூட்டி' வெளிவந்தது. அதுகாறும் ஓவியர் பென்சிலால் வரைந்த ஒவ்வொரு சித்திரத்தையும் மைப்பிரிவைச் சேர்ந்த பெண்கள் செல்லுலாய்டுத் தாளில் மையால் பார்த்து எழுதிவந்தார்கள். அவர்களுடைய கைத்திறன் அபாரமானது. ஆயினும் அந்தச் சுத்தமான கோட்டில் மூல ஓவியரின் வேகம் தங்குவதில்லை. மிக்கி மவுஸை முதலில் வரைந்த அப் ஐவெர்க்ஸ், ஜெராக்ஸ் முறையைச் சித்திரப் படத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்து, பென்சில் கோட்டை அப்படியே செல்லுலாய்டில் பதியச் செய்தார். 1961இல் வந்த 'நூற்றொரு டால்மேஷியன்கள்' முழுப்படமும் அவ்வாறு உருவாயிற்று. படத்தில் வரும் நாய்ப்புள்ளிகளின் தொகை 64,69,952 என்று ஸ்டூடியோவே கணக்குச் சொன்னது. அவ்வளவையும் கையால் பார்த்து எழுதுவதாயிருந்தால் படம் முடிந்திருக்குமா? அதன் டைட்டிலிலும் அந்தக் கரும்புள்ளிகளே மைத்துளிகள்போல் திரையெங்கும் விளையாடுகின்றன. கோடுகளின் சொரசொரப்பு வால்ட் டிஸ்னிக்குப் பிடிக்கவில்லை. என் கட்சி ஓவியர்களின் கட்சிதான். அப்படத்தின் வில்லி குருயெல்லாவின் கைவீச்சில் தெரியும் அந்த முரட்டுக் கோட்டை இழந்து பெறக்கூடிய நேர்த்தி எதுவும் எனக்கு வேண்டாம்.

2007இல் வந்த 'ஜூனோ' படத்தின் டைட்டிலில் இந்த யாத்திரை எதிர்த்திசையில் நடந்தது. ஷேடோபிளே ஸ்டூடியோவைச் சேர்ந்த கரெத் ஸ்மித்தும் ஜென்னி லீயும், நாயகி நடப்பதை நூற்றுக்கணக்கான புகைப்படங்களாக எடுத்து, அவற்றை ஜெராக்ஸ் போட்டு, அந்தப் பிரதியை மறுபடியும் ஜெராக்ஸ் போட்டு, கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி, ஸ்கேன் செய்து, வரைந்த பின்னணியில் நடக்கவிட்டார்கள். பிரதிக்குப் பிரதி எடுக்கும்போது சாம்பல் நிறங்கள் கருப்பிலோ வெள்ளையிலோ போய்ச் சேர, மெல்லிய கோடு அறுபட, தடித்த கோடு கசிந்து பரவ, புகைப்படம் மைச்சித்திரமாகிவிடுகிறது. கத்தரியோ ஒவ்வொரு தடவையும் மயிரிழை விலகித்தான் வெட்டும்.

சூட்சுமம் அந்த மயிரிழையில் இருக்கிறது. கைவேலை என்ற உணர்ச்சியை ஒரு சித்திரம் தனியாக நின்று தருவதில்லை. அதற்கும் அடுத்த சித்திரத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசமே தருகிறது. அசையாமல் நிற்கும் உருவத்தைக்கூட மூன்று முறை தனித்தனியே பார்த்து எழுதி, விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும் திரையில் ஒவ்வொன்றையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தி மாற்றி மாற்றிக் காட்டினால் கோடு உயிரோடு துடிக்கும். அனிமேஷன்காரர்கள் இதை 'லைன் பாயில்' என்கிறார்கள். இரண்டே சித்திரங்கள் போதா. முன்னும் பின்னும் போய்வருவதைக் கண் உடனே கண்டுகொள்ளும். கம்ப்யூட்டரில் மைக்கறை போன்ற ஒரே படலத்தை மேலே அசையாமல் ஒட்டிவைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுகிறவர்கள் பலர். அப்போது பாத்திரம் அழுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் நடப்பதாகத் தோன்றுமேயன்றி, மையால் வரைந்ததாகத் தோன்றாது. கறையும் கோட்டோடு கூட மாறியாக வேண்டும்.

ஈரக் காகிதத்தை அடுத்த வாரம் அவசியம் எடுத்துக்கொள்வோம். அதற்குள் வாசகர்கள் 'ஜூனோ' படத்தின் தொடக்கத்தை ஒருமுறை ஒலியை அடக்கிவிட்டு, நிறுத்தி நிறுத்தி, நாயகியின் உருவ விளிம்பை மட்டும் கவனித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.