கப்பலேறாத பப்பாசி

மாங்குளம் சந்தியில் விடியற்காலையில் நின்றால் வன்னியின் தோட்டங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பது தெரியும். வடக்கே கிளிநொச்சி, தெற்கே வவுனியா, கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு, மேற்கே மல்லாவி, துணுக்காய் தாண்டி வெள்ளாங்குளம். நாலு திசையிலிருந்தும் வரும் லொறிகளில் கத்தரி, பூசணி, வாழைக்குலை, பப்பாசி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். அநேகமாக எல்லாம் சாக்கில்தான் இருக்கும். தம்புள்ளைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்ச் சேரும்போது அடிச்சாக்கில் இருப்பது பாதி நசிந்திருக்கும்.

இதே வன்னியிலிருந்து பப்பாசி மத்திய கிழக்குக்கும் போயிருக்கிறது. அது எப்படிப் போனது, போகாத பழத்துக்கு என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. விவசாயியின் கையில் கடைசியில் என்ன மிஞ்சும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதிகாரிகள் 'பெறுமதிச் சங்கிலி' என்று ஒரு சொல் சொல்வார்கள். விதை விற்பவர், நடுபவர், பறிப்பவர், தரம் பிரிப்பவர், ஏற்றுபவர், வாங்கி அனுப்புபவர், அங்கே கடையில் அடுக்குபவர் என்று ஒரு பழம் பல கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் செலவு, கொஞ்சம் விலை. சங்கிலி என்பது இவ்வளவுதான். விவசாயி முதல் இரண்டு கண்ணிகளை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால், மிச்ச விலை முழுவதும் மற்றவர்களின் கையில்தான் ஏறும்.

மாங்குளத்துக்குத் தெற்கே, நெடுங்கேணியை உள்ளடக்கிய வவுனியா வடக்கில் இந்தச் சங்கிலியைக் கட்டிப் பார்த்தார்கள். போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறிய காலம் அது. கிணறுகள் தூர்ந்து, வேலிகள் இல்லாமல், காணிகள் காடு பற்றிக் கிடந்தன. 2010களின் தொடக்கத்தில் ஐ.எல்.ஓ. எனப்படும் சர்வதேச தொழிலாளர் அமைப்பு உள்ளூர்ப் பொருளாதாரத்தை மேம்படுத்தும் திட்டமொன்றுடன் வந்தது. பப்பாசி தெரிவானது. வவுனியா வடக்குப் பழச்செய்கையாளர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கொழும்பிலுள்ள சி.ஆர். எக்ஸ்போர்ட்ஸ் என்ற ஏற்றுமதி நிறுவனம் சங்கத்திடமிருந்து பழத்தை வாங்கி மத்திய கிழக்குக்கு அனுப்பியது.

ஏன் பப்பாசி? மாமரம் காய்க்க ஆண்டுகள் வேண்டும். ஊர் திரும்பிய குடும்பத்துக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வசதியில்லை. 'ரெட் லேடி' என்ற தாய்வான் கலப்பினப் பப்பாசி நட்டு எட்டு, ஒன்பது மாதத்தில் பறிக்க வரும். இடுப்பளவு உயரத்திலேயே காய் பிடிக்கும், சதை சிவப்பு, பழம் ஒன்றரை, இரண்டு கிலோ. எட்டடிக்கு எட்டடி நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 680 மரம்.

இங்கேயே முதல் சிக்கலும் இருக்கிறது. ரெட் லேடியில் இரண்டு வகை மரம் வரும். பெண் மரத்தின் காய் உருண்டை. ஆணும் பெண்ணும் ஒரே பூவில் உள்ள மரத்தின் காய் நீளம். வெளிநாட்டுப் பெட்டியில் அடுக்குவதற்கு நீளக் காயைத்தான் கேட்பார்கள். பூ வரும்வரை எது எந்த மரம் என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் குழிக்கு இரண்டு மூன்று கன்று வைத்து, பூ வந்தபிறகு ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். விதையோ விலை கூடியது. கலப்பின விதை என்பதால் பழத்திலிருந்து எடுத்துத் திரும்ப நட்டால் தாயைப் போலப் பிள்ளை வராது. சங்கிலியின் முதல் கண்ணியே நாட்டுக்கு வெளியில் இருக்கிறது என்பதை நடுபவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

பறிக்கும் நாளைப் பற்றிச் சொல்கிறேன். நெடுங்கேணிப் பக்கத் தோட்டமொன்றில் ஒரு அக்கா பறிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காயின் கீழ்நுனியைத்தான் பார்த்தார். பச்சைத் தோலில் ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சள் கீற்று விழுந்திருந்தால் அது பறிக்கும் காய். இரண்டு கீற்றானால் உள்ளூருக்கு. கீற்றே இல்லையென்றால் இன்னும் சில நாள் மரத்தில். முறுக்கிக் கழற்றியதும் காம்பிலிருந்து பால் சொட்டியது. அந்தப் பால் தோலில் வழிந்து காய்ந்தால் கறுத்த தழும்பாகிவிடும் என்பதால், காம்பு கீழே பார்க்கும்படி வாழையிலையில் வரிசையாக வைத்தார். பால் நின்றபிறகு கழுவி, ஈரம் துடைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கூடையில் ஒரே அடுக்காக வைத்தார்.

“தம்பி, பழுத்ததை நாங்கள் தின்னுவம். பழுக்கப்போறதைத்தான் வெளிநாட்டுக்குக் குடுக்கிறது” என்றார்.

அறுவடைக்குப் பின்னான தொழில்நுட்பத்தின் பாதி அந்த ஒரு வசனத்தில் அடங்கிவிடுகிறது. பப்பாசி பறித்தபின் தானாகப் பழுக்கும் பழம். மாங்குளத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். அங்கிருந்து விமானத்தில் போனால் ஒன்றிரண்டு நாளில் கடையில் இருக்கும், ஆனால் கூலி கொல்லும். குளிரூட்டிய கொள்கலனில் கப்பலில் போனால் கூலி குறைவு. பயணம் ஒரு வாரமோ அதற்கு மேலோ எடுக்கும். அந்த நாட்களைப் பழத்துக்குள்ளேயே சேமித்துவைப்பதுதான் அந்த மஞ்சள் கீற்றின் கணக்கு. குளிரும் அளவோடு இருக்கவேண்டும். 10 பாகை செல்சியசுக்குக் கீழே வெகுநேரம் வைத்தால் பப்பாசி பிறகு ஒழுங்காகப் பழுக்காது, தோலில் பள்ளம் விழும். மரக்கறியோடு சேர்த்து ஒரே குளிர் அறையில் போட்டுக் கெடுத்த கதைகள் உண்டு.

சாக்கு இங்கே செல்லாது. இலங்கையில் பழமும் மரக்கறியும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அறுவடைக்குப் பின் வீணாகிறது என்பது பல காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதைக் குறைக்க 2011இல் அரசு பிளாஸ்டிக் கூடையைக் கட்டாயமாக்கியபோது, அந்த டிசம்பரில் தம்புள்ளையில் விவசாயிகளும் வியாபாரிகளும் வீதிக்கு இறங்கினார்கள். கூடையின் விலையையும், வெறும் கூடையைத் திருப்பிக் கொண்டுவரும் லொறிக் கூலியையும் யார் கொடுப்பது என்ற நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் சட்டம் மட்டும் வந்தது. ஏற்றுமதியில் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. கூடையின் செலவு பழத்தின் விலைக்குள் இருக்கிறது.

அடுத்தது மருந்து. 2008இல் பப்பாசி மாப்பூச்சி இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்து சேர்ந்தது. வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல மரம் முழுக்கப் பரவும். எவ்வளவு அடித்தாலும் மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் பூச்சி சாகவில்லை. அதை அடக்கியது மருந்தல்ல, ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி. இலங்கையில் 2009இலும் தமிழ்நாட்டில் 2010இலும் கொண்டுவந்து விட்டார்கள். குளவி தன் வேலையைச் செய்தது. இன்றும் வெள்ளையைக் கண்டவுடன் கலனைத் தோளில் போடுகிறவர்கள் முதலில் அந்தக் குளவியைத்தான் கொல்கிறார்கள். அடித்த மருந்தின் எச்சமும் பழத்தில் தங்கிவிடும்.

எச்சம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இந்தியத் திராட்சை ஓர் உதாரணம். மகாராட்டிரத்தில் 1991இல் கூட்டுறவுகள் சேர்ந்து மகாகிரேப்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கி ஐரோப்பாவுக்குத் திராட்சை அனுப்பிவந்தன. 2010இல் குளோர்மெக்குவாட் குளோரைட் என்ற வளர்ச்சிச் சீராக்கியின் எச்சம் அளவுக்கு மேல் இருந்ததாக இந்தியத் திராட்சை ஐரோப்பாவில் திருப்பப்பட்டது. ஒழுங்காகச் செய்த விவசாயியும் செய்யாதவரும் அதில் சேர்ந்தே அடிபட்டார்கள். ஒருவர் தவறினால் ஊரே தவறியதாக ஆகும் வியாபாரம் இது.

ஆகவேதான் வாங்குபவர் புத்தகம் கேட்கிறார். இலங்கை விவசாயத் திணைக்களம் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் வழங்குகிறது. சுருக்கமாக ‘காப்’ என்கிறார்கள். என்ன மருந்து, எந்தத் திகதி, எவ்வளவு, அதற்குப் பிறகு எத்தனை நாள் கழித்துப் பறித்தது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். விவசாயப் போதனாசிரியர் வந்து பார்ப்பார். கொப்பி எழுதுவது தொல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த தோட்டங்களில் பிள்ளைகள்தான் அதை ஒழுங்காக எழுதுகிறார்கள். கடைசியாகக் கட்டுநாயக்கவில் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் பூச்சி, பழ ஈ இல்லை என்று பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் பெட்டி விமானமேறும்.

இத்தனையும் செய்தாலும் தவணை தவறினால் எல்லாம் போச்சு. துபாய்க் கடைக்காரர் வாரா வாரம் ஒரே அளவு, ஒரே தரம் கேட்பார். வன்னியோ அப்படிக் காய்க்காது. மாரியில் ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் நின்றால் பப்பாசி இரண்டு நாள்கூடத் தாங்காது, வேர் அழுகிவிடும். மேட்டுப்பாத்தி கட்டி வடிகால் வெட்டாத தோட்டம் ஒரே மழையில் முடிந்துபோகும். சோளகம் அடிக்கும் மாதங்களில் வெயிலும் காற்றும் சேர்ந்து தண்ணீர் குறைந்தால் பூ கொட்டும். மரத்தண்டைக் கவனித்துப் பாருங்கள்: காய், காய், காய், பிறகு ஒரு முழம் வெறுந்தண்டு, மறுபடி காய். அந்த வெறும் முழம்தான் சில மாதம் முன்பு கிணறு வற்றிய கிழமைகள். சொட்டு நீர்ப்பாசனம் ஆடம்பரமல்ல, அந்த முழத்தை நிரப்பும் வழி. இயற்கை போதாதென்று 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் நிறுத்தப்பட்டது. நவம்பரில் தளர்த்துவதற்குள் பல தோட்டங்கள் மெலிந்துவிட்டன. வெளிநாட்டுக் கடையில் ஒரு தட்டு வெறுமையானால் மற்ற நாட்டுப் பப்பாசி அங்கே உட்கார்ந்துவிடும். திரும்ப எழுப்புவது கடினம்.

இனிக் கப்பலேறாத பழத்துக்கு வருவோம். விளங்குவதற்காக ஒரு கணக்குச் சொல்கிறேன், விலைகள் என் கற்பனை. 100 கிலோ பறிக்கிறீர்கள். ஏற்றுமதிக்காரர் 60 கிலோவை எடுத்துக் கிலோவுக்கு 100 ரூபாய் தருகிறார்: 6,000 ரூபாய். மிஞ்சிய 40 கிலோ உருண்டை, தழும்பு, சிறிசு, கூடப் பழுத்தது. அதைச் சந்தையில் 30 ரூபாய்க்குத் தள்ளினால் 1,200. மொத்தம் 7,200. இதே 100 கிலோவைத் தரம் பார்க்காமல் உள்ளூர் வியாபாரி 75 ரூபாய்க்கு எடுக்கிறார் என்று வையுங்கள். 100 கிலோவுக்கு 10 கிலோ ‘கழிவு’ என்று வடக்குச் சந்தைகளில் கழிக்கும் வழக்கப்படி 90 கிலோவுக்குத்தான் காசு: 6,750. இரண்டுக்கும் வித்தியாசம் 450 ரூபாய். அந்த 450க்காக ஒருவர் கீற்றுப் பார்த்து, பால் வடித்து, துடைத்து, சுற்றி, கொப்பி எழுதவேண்டும். பலர் இரண்டாம் வருடம் விட்டுவிடுவதில் வியப்பில்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்பது அநியாயம்.

அந்த 40 கிலோவுக்கு 60 ரூபாய் கிடைத்தால்? மொத்தம் 8,400 ஆகிவிடும். ஏற்றுமதி விலை ஒரு சதமும் கூடவில்லை. கூடியது கழித்த பழத்தின் விலைதான்.

அந்த விலையை எது தரும்? கூழ், ஜாம், உலர்த்திய பப்பாசித் துண்டு, காயைச் சீனிப்பாகில் ஊறவைத்துக் கேக்குக்குப் போடும் டூட்டி ஃப்ரூட்டி. பப்பாசிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெயின் இறைச்சியை மென்மையாக்கவும் மருந்துக்கும் பயன்படுகிறது. இரண்டாம் உலகப்போருக்கு முன்பே இலங்கை அதை ஏற்றுமதி செய்தது. இவை எதுவும் பெரிய விஞ்ஞானமல்ல. தண்ணீர், மின்சாரம், சுத்தமான ஒரு கொட்டகை, பழகிய கைகள் போதும். ஒரு குடும்பத்தால் மட்டும் நடத்த முடியாது. சங்கத்தால் முடியும். வன்னி மக்களுக்குச் சங்கம் புதிதல்ல, சங்கக்கடை அரிசியில் வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. சங்கம் இருந்தால் தராசு தங்கள் கையில் இருக்கும். தரம் பிரிப்பது ஊரிலேயே, விவசாயியின் கண்முன் நடக்கும். கொழும்புக்குப் போனபிறகு “இவ்வளவு கழிவு” என்று தொலைபேசியில் கேட்டு ஏமாறும் நிலை வராது.

மாங்குளம் இதற்குப் பொருத்தமான இடம் என்பது என் எண்ணம். நாலு வீதியும் ரயில் நிலையமும் இருக்கின்றன. 2013இல் ரயில் கிளிநொச்சி வரை மீண்டும் வந்தது. காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்று இடங்களிலும் முதலீட்டு வலயம் அமைப்பதாக அரசும் அறிவித்திருக்கிறது. ஆனால் வவுனியாவின் அனுபவம் பயமுறுத்துகிறது. பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் வைப்பதா தாண்டிக்குளத்தில் வைப்பதா என்று 2016இல் பெரும் வாக்குவாதம் நடந்தது. ஒருவழியாகக் கட்டடம் எழும்பியபிறகும் அது பல காலம் பூட்டியே கிடந்தது. மாங்குளத்தில் முதலில் வேண்டியது பெரிய கட்டடமல்ல. ஒரு நிழல், கழுவும் தொட்டி, தராசு, சிறிய குளிர் அறை, பக்கத்திலேயே கழித்த பழத்துக்கு ஒரு உலர்த்தி. ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, துணுக்காய்த் தோட்டங்களிலிருந்து காலையில் பறித்தது மதியத்துக்குள் அங்கே வந்துவிடும்.

பப்பாசி நட நினைப்பவர்கள் எல்லாரும் கன்று வாங்குமுன் பழம் வாங்குபவரிடம் கேட்பது “கிலோ எவ்வளவு?” என்றுதான். வாரத்துக்கு எவ்வளவு எடுப்பீர்கள், எங்கே வைத்துத் தரம் பிரிப்பீர்கள், கூடை யாருடையது, காசு எத்தனை நாளில் வரும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

நெடுங்கேணி அக்காவின் தோட்டத்தில் அன்று லொறி போனபிறகு வாழையிலையில் பதினேழு பழம் மிஞ்சிக் கிடந்தது. உருண்டையும் தழும்பும்தான். இரண்டை எனக்குத் தந்தார். மிச்சத்தை ஒரு சாக்கில் போட்டுச் சைக்கிளில் கட்டி மகனை நெடுங்கேணிக் கடைக்கு அனுப்பினார். எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டேன். “அது அவன் போய்ச் சேரேக்கை பழம் எப்பிடி இருக்கெண்டதைப் பொறுத்தது” என்றார்.