கோட்பாடும் பரிசோதனையும்: வளியியக்கவியற் கல்வி பற்றிய ஒரு குறிப்பு

பல்கலைக்கழகப் பொறியியற் பாடநெறியில் வளியியக்கவியலைப் பயிலத் தொடங்கும் மாணவர் ஆரம்பத்திலேயே ஒரு முரண்பாட்டை எதிர்கொள்கின்றனர். உள்ளுராய்வாகிய பிசுக்குமை அற்ற இலட்சியப் பாயி பற்றிய சமன்பாடுகளே அவர்களுக்கு முதலிற் கற்பிக்கப்படுகின்றன. அவற்றின்படி, சீரான ஓட்டத்தில் வைக்கப்பட்ட பொருள் எவ்விதத் தடையையும் அடைவதில்லை. 1752 இல் பிரெஞ்சு அறிஞர் டாலம்பேர் வெளியிட்ட முடிவு இதுவாகும். எதிர்காற்றில் துவிச்சக்கரவண்டி மிதித்த எவரும் இதனை ஏற்கார்.

இம்முரண்பாட்டின் விளைவு பாரதூரமானது. கணிதவியலாளர் இயற்கையிற் காணப்படாத ஓட்டங்களை ஆராய்ந்தனர். பொறியியலாளரோ அளந்தறிந்த குணகங்களைக் கொண்டு குழாய்களையும் கால்வாய்களையும் அமைத்தனர். ஒருசாராரின் அறிவு மறுசாராருக்குப் பெரிதும் பயன்படவில்லை.

இப்பிளவை நீக்க வழிகண்டவர் லுட்விக் பிராண்டில். ஜேர்மனியின் நூரன்பேர்க் நகரத் தொழிற்சாலையொன்றில் பொறியியலாளராக இருந்தபோது, உலோகச் சீவல்களை உறிஞ்சி அகற்றும் சாதனத்தைச் சீர்திருத்த அவர் முற்பட்டார். விரியும் குழாயில் ஓட்டம் சுவரைவிட்டு விலகியது; எதிர்பார்த்த அமுக்க உயர்வு கிட்டவில்லை. பின்னர் ஹனோவரிற் பேராசிரியராகி, கையாற் சுழற்றும் சில்லினால் நீரோட்டத்தை உண்டாக்கும் தொட்டியொன்றில் இதனை ஆராய்ந்தார். 1904 இல் ஹைடல்பேர்க்கில் நடைபெற்ற மூன்றாவது சர்வதேசக் கணித மாநாட்டில் தம் விளக்கத்தை முன்வைத்தார்.

அவ்விளக்கம் வருமாறு: பிசுக்குமை எத்துணை சிறிதாயினும், பரப்பைத் தொடும் வளி அதனுடன் ஒட்டி நிற்கின்றது. அங்கிருந்து வெளியோட்டத்தின் வேகத்தை எய்தும் வரையுள்ள மெல்லிய பகுதியே எல்லைப்படை. செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் வளி குழப்பமின்றிப் பாயும் தட்டையான தகட்டில், முன்விளிம்பிலிருந்து அரை மீற்றர் தொலைவில், அதன் தடிப்பு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் மட்டுமே. உராய்வின் செயல் இப்படைக்குள் அடங்குகின்றது. வெளியே பழைய சமன்பாடுகள் பொருந்துகின்றன. ஓட்டத்திசையில் அமுக்கம் உயருமிடத்து, வேகமிழந்த இப்படை முன்னேறமாட்டாது பரப்பைவிட்டு விலகுகின்றது. விமானச் சிறகின் சாய்வு அளவுக்கு மிஞ்சும்போது உயர்த்துவிசை குன்றுவதும் இதனாலேயே.

ஆகவே, இலட்சியப் பாயிச் சமன்பாடுகள் பயனற்றவை என ஒதுக்கத்தக்கனவல்ல. அவை எங்கே பொருந்தும் என்பதே அறியப்படாதிருந்தது. அதனை அறியத் தூண்டியது தொழிற்சாலை அனுபவம். அறிந்ததற்கு வடிவம் தந்தது கணிதம். சூத்திரங்களைப் பரீட்சைக்காக மனனஞ் செய்வித்து, காற்றுச்சுரங்கப் பரிசோதனையை வெறுஞ் சடங்காக்கும் கல்வி, அப்பழைய பிளவை மாணவர் உள்ளத்தில் மீண்டும் தோற்றுவிக்கும். அளவிடும் குழாயைத் தகட்டிலிருந்து மில்லிமீற்றர் மில்லிமீற்றராக உயர்த்தி, பெற்ற வேகங்களை வளைகோடாக வரைந்து, சமன்பாட்டுடன் ஒப்பிடும் மாணவரே இவ்வியலை உண்மையிற் கற்றவராவர்.