கோபுர விளக்கு எரிக்கும் கரி

மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். அதனால் எங்கள் திருச்சபையின் சேகரக் கமிட்டியில் கரண்ட் பில் விவகாரம் மட்டும் எப்போதும் என் தலையில்தான் விழும். படைப்பைப் பராமரிப்பது பற்றி இப்போது எல்லாச் சபைகளிலும் பிரசங்கம் கேட்கிறோம். 2015ல் போப் பிரான்சிஸ் ‘லவுதாத்தோ சி’ என்ற சுற்றுமடலை வெளியிட்டார். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை படைப்பின் காலம் என்று பல திருச்சபைகள் அனுசரிக்கின்றன. நல்லதுதான். ஆனால் மீட்டருக்குப் பிரசங்கம் புரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டே: எத்தனை வாட், எத்தனை மணி நேரம்.

சிக்கனம் என்றதும் கமிட்டியில் முதலில் எழும் யோசனை, ஃபேன்களை எல்லாம் மாற்றிவிடலாம் என்பது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்ற புதுவகை ஃபேனுக்கு 30 வாட் போதும். உண்மைதான். ஆனால் ஆலயத்தில் ஃபேன் ஓடுவது வாரத்துக்கு ஆறு மணி நேரம். 40 ஃபேனை மாற்றினாலும் வருஷத்துக்கு மிச்சம் சுமார் 560 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும், ஒரு ஃபேன் மூவாயிரம் என்றால் போட்ட முதல் திரும்பக் கால் நூற்றாண்டு ஆகும். பழசு பழுதாகும்போது புதுசு வாங்கினால் போதும்.

கோபுரத்தைப் பாருங்கள். 400 வாட் மெட்டல் ஹேலைடு விளக்கு இரண்டு, சாயங்காலம் ஆறு முதல் காலை ஆறு வரை எரிந்தன. ராத்திரிக்கு 9.6 யூனிட்; வருஷத்துக்கு 3,500. அனல் மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி வேண்டும். அந்தக் கணக்கில், ஆள் நடமாட்டமில்லாத நேரத்துக்கும் சேர்த்து எங்கள் கோபுரம் வருஷத்துக்கு இரண்டரை டன் கரி எரித்துக்கொண்டிருந்தது.

“லைட்ட அணைச்சா கோயில் இருட்டடஞ்சு போச்சுன்னு ஊர்ல பேசுவாவளே, அண்ணாச்சி?” என்றார் எங்கள் சபையின் கோவில்பிள்ளை. அணைக்க வேண்டாம் என்றேன். 100 வாட் எல்இடி இரண்டு, கூடவே ஒரு டைமர். ஆறு மணிக்கு எரியும், பத்து மணிக்குத் தானே அணையும். இப்போது ராத்திரிக்கு முக்கால் யூனிட் சொச்சம்தான்.

அடுத்தது சுவிட்ச் போர்டு. ஒரு சுவிட்சைத் தட்டினால் முன்வரிசை முதல் வாசல் வரை ஒரு பக்கத்து ஃபேன் எல்லாம் சுற்றும்படி வயரிங் செய்திருந்தார்கள். புதன்கிழமை ஜெபத்துக்கு வருவது முப்பது பேர்; காலி பெஞ்சுகளுக்கும் காற்று வீசியது. வரிசைவாரியாகப் பிரித்து, சுவிட்சுக்கு மேல் எண் எழுதி ஒட்டினோம். ஆனது வயர், சுவிட்ச், கூலிச் செலவு மட்டும்.

ஏசி கேட்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். பாளையங்கோட்டை ஊசிக்கோபுர ஆலயத்தை மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டியது 1826ல். அந்தக் காலத்தில் கட்டியவர்களுக்குக் கரண்டே கிடையாது. உயர்ந்த கூரையையும் எதிரெதிர் ஜன்னலையும் நம்பித்தான் கட்டினார்கள். ஏசி போட்டால் அந்த ஜன்னல்களை எல்லாம் அடைக்க வேண்டிவரும். முதலில் அவற்றைத் திறந்து வைப்போம்.

சோலார்? போடலாம். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். ஆனால் வெயில் காயும் வாரநாட்களில் ஆலயம் பூட்டிக் கிடக்கிறது. அதே வளாகத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் பலகையை அதன் கூரையில் மாட்டுங்கள். உற்பத்தியாகும் நேரத்திலேயே செலவாகும்.

கடைசியாக ஒரு கணக்கு. எங்கள் சபையில் 200 குடும்பம். வீட்டுக்கு ஒரு பழைய 40 வாட் டியூப்லைட்டை 20 வாட் எல்இடியாக மாற்றி, தினம் ஐந்து மணி நேரம் எரித்தால், சபை முழுக்க வருஷத்துக்கு 7,300 யூனிட் மிச்சம். கோபுரத்தில் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவரவர் வீட்டு மின் கட்டண ரசீதைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். முதலில் என்னுடையதைப் படிப்போம்.