மானியம் யாரைச் சென்று அடைகிறது?

விவசாயத்திற்கு அரசாங்கம் உதவ வேண்டும் என்பதை இன்று மறுப்போர் சிலரே. அவ்வுதவியை எந்த அளவுகோலைக் கொண்டு பங்கிடுவது என்பதே ஆராய வேண்டிய கேள்வி. அளவுகோல் தவறுமாயின், சிறு குடியானவரைக் காப்பதற்கென எழுந்த மானியமே பெருநிலக்காரரை மேலும் வளர்த்துவிடும்.

நெசவாள அங்கத்தினர்களுக்கும் எளிதில் விளங்கும் உதாரணம் ஒன்று கூறுவோம். தறி ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒரு மானியம் வகுக்கப்படுவதாகக் கொள்வோம். பத்துத் தறி வைத்துக் கூலிக்கு நெய்விப்பவர் பத்துப் பங்கு பெறுவார். ஒரே தறியில் மனைவி மக்களோடு பாடுபடுபவர் ஒரு பங்கு பெறுவார். பிறர் தறியில் அமர்ந்து நெய்பவரோ ஒன்றும் பெறார். நிலத்தின் நிலையும் இதுவே.

ஐரோப்பிய நாடுகளின் அனுபவம் இதனை மெய்ப்பிக்கிறது. 1962-இல் தொடங்கிய அவர்களது பொது விவசாயக் கொள்கை, முதலில் விளைபொருளுக்கு உயர்ந்த விலையை உறுதி செய்தது. மிகுதியாக விற்றவரே மிகுதியாகப் பயன் பெற்றார். 1992-இல் ஆதரவு விலையைக் குறைத்து, அதற்கு ஈடாகச் சாகுபடிப் பரப்பையும் கால்நடை எண்ணிக்கையையும் கணக்கிட்டு நேரடித் தொகை வழங்கலாயினர். நேரடித் தொகையில் நூற்றுக்குச் சுமார் 80 பங்கு, பெறுவோரில் நூற்றுக்கு 20 பேரிடமே சென்றது. பின்னர் குறையை உணர்ந்து திருத்த முற்பட்டனர். பிரான்சு 2015 முதல் ஒவ்வொரு பண்ணைக்கும் முதல் 52 ஹெக்டேருக்கு மட்டும் கூடுதல் தொகை அளித்தது. 2023 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், நேரடித் தொகையில் நூற்றுக்குப் பத்துப் பங்கையேனும் சிறிய, நடுத்தரப் பண்ணைகளின் பக்கம் திருப்புவதைப் பொதுவிதியாக்கின.

நமது நாட்டில் 2015–16 விவசாயக் கணக்கெடுப்பின்படி, நிலவுடைமைகளில் நூற்றுக்கு 86 இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்டவை. அவற்றின் வசமுள்ள நிலப்பரப்போ நூற்றுக்கு 47 தான். 2018 டிசம்பர் முதல் கணக்கிட்டு வழங்கப்பட்ட பிரதம மந்திரி கிசான் நிதி, ஏக்கரை அளக்காமல் குடும்பத்தை அளந்தது. குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு ரூ. 6,000, அது மூன்று தவணைகளில் வரும். ஒரு ஏக்கர் உடையவருக்கு ஏக்கருக்கு ரூ. 6,000 ஆகும் அதே தொகை, பத்து ஏக்கர் உடையவருக்கு ஏக்கருக்கு ரூ. 600 மட்டுமே ஆகிறது. இவ்வளவில் இது சிறியவர் பக்கம் நிற்கும் அளவுகோலே.

ஆயினும் ஒரு பெருங்குறை உண்டு. நில ஆவணத்தில் பெயர் உள்ளவருக்கே இத்தொகை உரியது. வாய்மொழிக் குத்தகையில் உழுது, விதைத்து, வெள்ளத்திலும் வறட்சியிலும் நட்டத்தைத் தாங்குபவர் கணக்கில் வருவதில்லை. உழைப்பு ஒருவருடையது, உதவி மற்றொருவருக்கு! குத்தகைக் குடும்பங்களை விட்டுவிட்டுச் சிறு பண்ணையைக் காத்தோம் என்று கூறுதல் பொருந்தாது.

இதற்கு நாம் செய்யத்தக்கவை யாவை? தமிழ்நாட்டில் 1969-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை உரிமைப் பதிவேட்டிற்கு வழி செய்திருக்கிறது. குத்தகைதாரர் அதில் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள முயல வேண்டும். பருவந்தோறும் பயிரை அடங்கலில் ஏற்றி, அதன் நகலைக் கைவசம் வைத்திருத்தல் அவசியம். 2016-இல் தொடங்கிய பயிர்க் காப்பீட்டுத் திட்டம் குத்தகைதாரரையும் ஏற்கிறது. தந்தை காலமான பின்னரும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்குமாயின், வாரிசுகள் காலந்தாழ்த்தாது பெயர் மாற்றம் செய்துகொள்ளுதல் நன்று.

தனி ஒருவர் தாலுகா அலுவலகத்திற்குப் பலமுறை நடந்தும் முடியாத காரியம், சங்கத்தின் துணையால் எளிதில் முடியக்கூடும். ஆகவே ஒவ்வொரு சங்கமும் தன் எல்லையில் உண்மையாகச் சாகுபடி செய்வோரின் பட்டியலைத் தயாரித்துப் பேரவைக் கூட்டத்தில் வைப்பதாக. மானியம் பயிரிடுபவரைத் தொடர வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றி அரசாங்கத்திற்கு அனுப்புவதாக. கேட்பாரற்ற குரலைக் கேட்கச் செய்வதற்கன்றோ கூட்டுறவு தோன்றியது!